அறுபது நிமிடக் கேசட்

அவனுக்கு விநோதமான ஒரு பழக்கம் உண்டு. டீக்கடையிலோ பேருந்திலோ ஏதாவது பழைய பாட்டு ஓடி முடிகிற நேரத்தில், அடுத்த பாட்டின் ஆரம்ப இசையை வாயால் முனக ஆரம்பித்துவிடுவான். ஆனால் அடுத்து வருவது வேறு பாட்டாக இருக்கும். நண்பர்கள் சிரிப்பார்கள். அவன் முனகுவது வானொலியின் வரிசையையோ படத்தின் வரிசையையோ அல்ல. எப்போதோ யாரோ ஒருவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, அவனுடைய அப்பா பதிந்து கொடுத்த ஒரு கேசட்டின் வரிசை அது. அந்தச் சீட்டை எழுதியவர் இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. அவருடைய ரசனை மட்டும் இவன் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது!

ஊர் கோவில்பட்டி. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர் போன ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் பிறந்தது 2003இல். இப்போது பி.காம். கடைசி ஆண்டு படிக்கிறான். அப்பா 1988இல் இருபது வயதில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் ஆரம்பித்தார். பத்துக்கு எட்டு கடை, இரண்டு டெக், ஒரு ஆம்ப்ளிஃபயர், சுவர் முழுக்கக் கேசட், சாமி படத்துக்குப் பக்கத்தில் இளையராஜா படம். இவ்வளவுதான் கடை.

இந்த ரெக்கார்டிங் சென்டர் சமாச்சாரம் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு படத்தின் கேசட்டைக் கடையில் வாங்கினால் அதில் உங்களுக்குப் பிடித்த பாட்டு இரண்டு இருக்கும், பிடிக்காதது நாலு இருக்கும். எனவே ஜனங்கள் தங்களுக்குப் பிடித்தவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். அதற்குப் பெயர் லிஸ்ட். வெற்றுக் கேசட்டைத் தாங்களே கொண்டு வந்தால் பதிவதற்கு மட்டும் கூலி. கடையிலேயே வாங்கினால் இரண்டும் சேர்த்து. அறுபது நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம், தொண்ணூறு என்றால் நாற்பத்தைந்து. மூன்று நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். தீபாவளி சமயம் என்றால் பத்து நாள்கூட ஆகும்.

அப்பாவின் சாமர்த்தியம் எல்லாம் அந்த முப்பது நிமிடத்தில்தான் இருந்தது. பாட்டு நாலு நிமிடம் இருபது விநாடி, ஐந்து நிமிடம் ஐந்து விநாடி என்று வரும். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து நிற்கக்கூடாது. சில கடைகளில் அப்படித்தான் கொடுப்பார்கள். ‘சரணம் வர்றதுக்குள்ள நாடா முடிஞ்சுபோச்சு அண்ணாச்சி’ என்று சிரித்துக்கொண்டே காசு வாங்குவார்கள். அப்பாவுக்கு அது பிடிக்காது. லிஸ்டில் உள்ள பாட்டுகளின் நேரத்தைக் கூட்டி, இதை ஏ பக்கம் போடலாமா பி பக்கம் தள்ளலாமா என்று மாற்றி மாற்றிப் பார்த்து, முப்பது நிமிடத்துக்குள் அடக்குவார். மிச்சம் ஒரு நிமிடம் இருந்தால் அதைச் சும்மா விடமாட்டார். ஏதாவது ஒரு படத்தின் பின்னணி இசையில் ஒரு புல்லாங்குழல் துண்டை எடுத்துப் போட்டு நிரப்புவார். இனாம்! அவனுக்கு அறுபதின் கணக்கில் கூட்டத் தெரிந்த பிறகுதான் பத்தின் கணக்கில் கூட்டத் தெரிந்தது என்று அம்மா இன்றும் கேலி செய்வார்.

இன்னொன்றும் அப்பா சொல்லிக் கொடுத்தது. கேசட்டின் ஆரம்பத்தில் ஐந்தாறு விநாடிக்கு வெறும் பிளாஸ்டிக் நாடாதான் இருக்கும். அதில் எதுவும் பதியாது. அவசரக்காரன் உடனே பட்டனை அழுத்திவிடுவான். பாட்டின் தலை போய்விடும். விரலை விட்டுச் சக்கரத்தைச் சுற்றி, பழுப்பு நாடா வந்த பிறகே ஆரம்பிக்க வேண்டும்.

அப்பாவுக்கு முறையான சங்கீதம் எதுவும் தெரியாது. இன்ன பாட்டு இன்ன ராகம் என்று சொல்ல வராது. சின்ன வயதில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர். ‘அன்னக்கிளி’ 1976இல் வந்தபோது அவருக்கு எட்டு வயது. திருவிழாவில் ரேடியோ செட் கட்டியிருந்த குழாய்க்குக் கீழேயே அன்றைக்கு முழுக்க உட்கார்ந்திருந்ததாகச் சொல்வார். ‘ரோஜா’ 1992இல் வந்தபோது மட்டும் கொஞ்சம் ஆடிப்போனாராம். அவருடைய பழைய டெக்கில் பதிந்தால் அதில் வரும் அந்தக் கனமான தாளமும் மெல்லிசான சத்தங்களும் கலங்கிப் போயின. கடன் வாங்கி ஒரு நல்ல டெக் வாங்கினார். ரஹ்மானுக்கும் கோவில்பட்டியில் ஒருவர் கடன் பட்டதற்கும் உள்ள தொடர்பு இவ்வளவுதான்.

அவன் விவரம் தெரிந்து கடையில் உட்கார்ந்த காலத்தில் கேசட் ஓய்ந்துவிட்டது. நடுவில் வந்த எம்பி3 சிடியும் போய், மெமரி கார்டு வந்திருந்தது. ஒரு கம்ப்யூட்டர், அதில் ‘ராஜா சோகம்’, ‘எம்ஜிஆர் தத்துவம்’, ‘ஐயப்பன்’, ‘இயேசு’, ‘குத்து’ என்று ஃபோல்டர்கள். 2 ஜிபி கார்டுக்கு இருபது ரூபாய். பள்ளிக்கூடம் விட்டு வந்து எட்டு வயதுப் பையன் ஒருவன் நாற்காலியில் முழங்காலிட்டு நின்றுகொண்டு மௌஸைப் பிடித்து நானூறு பாட்டுகளை இழுத்துப் போடுவதைப் பார்த்து வாடிக்கையாளர்கள் ஆச்சரியப்படுவார்கள். அவனுக்குப் பெருமையாக இருக்கும். அப்பாவுக்கு அவ்வளவு பெருமை இருந்ததாகத் தெரியவில்லை.

அதற்குக் காரணம் அவனுக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. கேசட்டில் ஒரு பாட்டைப் பதிய வேண்டுமென்றால் அந்தப் பாட்டு ஓடி முடிகிற வரை பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு காதில் ஹெட்ஃபோனை வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், பதினான்கு வருடம், ஊரார் எல்லோருடைய ஆசையையும் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கார்டில் அப்படி இல்லை. நானூறு பாட்டு போகும், ஒன்றைக்கூடக் கேட்க வேண்டியதில்லை. பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். வருமானம் முன்னைவிட அதிகம்தான். ஆனால் கடைக்குள் பாட்டுச் சத்தம் குறைந்துவிட்டது.

பிறகு 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. மறு ஆண்டு மார்ச் வரை இணையத்தை இலவசமாகவே கொடுத்தார்கள். கார்டு கொண்டு வருகிற ஆள் நின்றுபோனான். இப்போது அதே பத்துக்கு எட்டு கடையில் ஜெராக்ஸ் மெஷின் இருக்கிறது, மொபைல் கவர் தொங்குகிறது, கண்ணாடி ஒட்டித் தரப்படும் என்று போர்டு இருக்கிறது. இளையராஜா படம் மட்டும் அப்படியே.

இவ்வளவு பாட்டுக்கு நடுவில் வளர்ந்தவன் பாடுவானா என்றால் மாட்டான். குரல் சுத்தமாக வராது. ஏழாம் வகுப்பு ஆண்டு விழாவில் ஒரு முறை பாடி, பாதியிலேயே இறங்கி வந்தான். ஆனால் காது இருந்தது. ஒரு பாட்டின் முதல் விநாடியிலேயே என்ன பாட்டு என்று சொல்லிவிடுவான். கேசட்டில் இரண்டு பாட்டுகளுக்கு இடையில் பாஸ் பட்டனை விடும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம் பதிவாகும். யூட்யூபில் சுத்தமான பதிவைக் கேட்கும்போது அந்த ‘டக்’ இல்லாமல் அவனுக்கு என்னவோ உப்புப் போடாத சோறு மாதிரி இருக்கும். பிளஸ் டூ விடுமுறையில் கைப்பேசியிலேயே இசை அமைக்கிற ஒரு செயலியை இறக்கி, கீபோர்டு வாசிக்கக் கற்றுக்கொண்டான். கட்டை விரலால் வாசிக்கிற கீபோர்டுதான், என்றாலும் கீபோர்டு.

கல்லூரியில் வணிகச் சட்டம் என்று ஒரு பாடம் உண்டு. ஒப்பந்தம், சரக்கு விற்பனை என்று போய்க்கொண்டிருந்த வகுப்பில் ஒரு நாள் பதிப்புரிமை வந்தது. 1957ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு சினிமாப் பாட்டில் வரிக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனியாக ஓர் உரிமை. சம்பளம் கொடுத்து எழுத வைத்ததால் எல்லாம் தயாரிப்பாளருக்கே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012இல் சட்டத்தைத் திருத்தி, தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற வகையில் வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்கு உண்டு, அதை அவர்களே நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்று மாற்றினார்கள். 2017இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கு வக்கீல் நோட்டீஸ் போனதை ஆசிரியர் உதாரணம் சொன்னபோது வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. நண்பருக்கே நோட்டீஸா என்று பாதிப் பேர். உழைப்புக்குக் கூலி கேட்டால் தப்பா என்று மீதிப் பேர். அவன் எந்தப் பக்கமும் பேசவில்லை. அவன் கண் புத்தகத்தில் 63ஆம் பிரிவில் நின்றுவிட்டது. அனுமதியில்லாமல் பிரதி எடுத்து வியாபாரம் செய்தால் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம்.

தான் சாப்பிட்ட சோறு, படித்த படிப்பு, கட்டிய ஃபீஸ் எல்லாம் அந்த ஒரு பத்திக்குள் அடங்குகிறது என்று தெரிந்தால் ஒருவனுக்கு எப்படி இருக்கும்? மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டான்.

அன்று ராத்திரி கடையை அடைக்கும்போது கேட்டான். “நாம பண்ணுனது திருட்டாப்பா?”

அப்பா ஷட்டரை இழுத்துப் பூட்டு போடும் வரை பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார். “தெரியும்யா. 2004ல வீடியோ திருடுறவங்களையும் குண்டர் சட்டத்துல போடலாம்னு சட்டம் வந்துச்சு. வெசாரணை இல்லாம ஒரு வருசம் உள்ள வைக்கலாம். நீ அப்ப கைப்பிள்ள. ரெண்டு மாசம் கடைய அரைக்கதவு தொறந்து வச்சித்தான் ஓட்டுனேன். வெளிய ஜீப் சத்தம் கேட்டாலே வயித்தக் கலக்கும்.”

“அப்ப ஏன் விடல?”

“வேற என்ன தெரியும் எனக்கு?”

இந்தப் பதில் அவனுக்குப் போதவில்லை. நேர்மையாகச் சொன்னால், இருபது வயதில் யாருக்கும் போதாது. ஒரு வாரம் அப்பாவிடம் சரியாகப் பேசவில்லை.

அந்தக் கோபத்தில் கொஞ்சம் அலட்டல் இருந்தது என்பதும் உண்மை. ஏனென்றால் அவனே கைப்பேசியில் இறக்கி வைத்திருந்த பாட்டுகளில் ஒன்றுக்காவது காசு கொடுத்திருக்கிறானா என்ன? ஆனால் அடுத்த மாதம் வேறொன்று நடந்தது. கல்லூரி விழாவுக்காக எடுத்த ஒரு வீடியோவுக்கு நாற்பது விநாடியில் ஒரு மெட்டு போட்டுக் கொடுத்திருந்தான். நாதஸ்வரச் சத்தத்தில் ஆரம்பித்து டிரம்ஸில் முடியும். மூன்று ராத்திரி உட்கார்ந்து செய்தது. விழாவில் கைத்தட்டல் கிடைத்தது. பிறகு ஒரு நாள் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது, எதிரே ஒரு கடையின் டிவியில் உள்ளூர்க் கேபிளில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் ஓடியது. ஆடித் தள்ளுபடி. பின்னணியில் அவனுடைய மெட்டு! கடைசியில் வருகிற டிரம்ஸை மட்டும் வெட்டிவிட்டிருந்தார்கள்.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. பக்கத்தில் நின்றவரிடம் “இது நான் போட்டது” என்று சொல்லலாமா என்றுகூட வாய் வந்தது. அதற்குள் விளம்பரம் முடிந்துவிட்டது. விசாரித்தால், வீடியோ எடுத்த சீனியர்தான் அந்த விளம்பரத்தையும் செய்திருக்கிறார். காசும் வாங்கியிருக்கிறார். கேட்டதற்கு, “பாட்டுன்னா எல்லாருக்கும் பொதுதான மச்சான், உன் பேர் டிவில வந்தா மட்டும் என்ன ஆயிரப் போகுது?” என்றார். டிரம்ஸை வெட்டியதுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது. காசைவிட, பெயரைவிட. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னான். சிரிப்பார் என்று நினைத்தான். அவர் சிரிக்கவில்லை. “முழுசாப் போட்டிருக்கலாம். நாப்பது விநாடிதான?” என்று மட்டும் சொன்னார்.

அந்த விடுமுறையில்தான் பரணிலிருந்து நோட்டுகளை இறக்கினான். அப்பா ஒவ்வொரு லிஸ்டையும் ஒரு நீளவாக்கு நோட்டில் எழுதி வைத்திருந்தார். தேதி, ஆள், ஏ பக்கம், பி பக்கம், வாங்கிய காசு. கரையானுக்குப் போனது போக மிச்சம் பதினோரு நோட்டு. அதை ஊர்ச் சரித்திரம் என்று சொன்னாலும் தப்பில்லை. ‘மணி, ரயில்வே – முழுதும் சோகம்’ என்று ஒன்று. மூன்று மாதம் கழித்து அதே மணி ‘முழுதும் ஜோடிப் பாட்டு’. ‘ரேடியோ செட்டுக்கு – கல்யாணம்’. ‘ரேடியோ செட்டுக்கு – சடங்கு’. துபாய்க்குப் போகிறவர் ஒருவர் ஒரே பாட்டை ஏ பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பதியச் சொல்லியிருக்கிறார். ஏழு தடவை. பி பக்கம் காலி.

வணிகவியல் மாணவன் வேறு என்ன செய்வான்? எக்ஸெல்லில் ஏற்ற ஆரம்பித்தான். இருபத்து மூன்று நாள் ஆனது. மொத்தம் 4,310 கேசட். 57,940 பாட்டு. ஒரு பாட்டுக்கு ஐம்பது பைசா உரியவர்களுக்குப் போயிருக்க வேண்டும் என்று அவனாகவே ஒரு தொகையை வைத்துக்கொண்டான். அது எந்தச் சட்டத்திலும் இல்லாத தொகை, அவன் மனசாட்சிக்கு ஒரு எண் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். 28,970 ரூபாய் வந்தது. பதினான்கு வருடத்துக்கு இவ்வளவுதானா என்று அவனுக்கே ஏமாற்றமாக இருந்தது. பயந்து பயந்து அரைக்கதவு திறந்து வைத்துக் காத்த குற்றத்தின் விலை ஒரு சுமாரான கைப்பேசி!

1994ஆம் வருட நோட்டில் ஒரு பக்கத்தில் ‘தீப்பெட்டி ஆபீஸ் – 14 பேர் சேர்ந்து’ என்று இருந்தது. பதின்மூன்று பாட்டு. அதை அம்மாவிடம் காட்டினான். அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முதல் பாட்டிலிருந்து கடைசி வரை விரலை வைத்துப் படித்தார். அந்தப் பதினான்கு பேரில் அவரும் ஒருவர். கல்யாணத்துக்கு முன்னால், பதினேழு வயதில். ஆளுக்கு இரண்டரை ரூபாய் போட்டு ஒரு கேசட் பதிந்து, கட்டை அடுக்குகிற கொட்டகையில் டேப்ரெக்கார்டரை நடுவில் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். எந்தப் பாட்டை ஏ பக்கம் போடுவது என்று இரண்டு பேர் ஒரு வாரம் பேசிக்கொள்ளாமல் இருந்ததும் நடந்திருக்கிறது.

“அது ஓடுனா கை தானா ஓடும். ஒரு குரோஸ் கூடவே வரும்” என்றார் அம்மா. (ஒரு குரோஸ் என்பது நூற்று நாற்பத்து நான்கு பெட்டி. கூலி அந்தக் கணக்கில்தான்.)

“பாட்டு நின்னா?”

“இடுப்பு வலி தெரிய ஆரம்பிச்சிரும்.”

அப்படியென்றால் இதற்கு வரவில் எழுதுவதா, பற்றில் எழுதுவதா? அவன் படித்த எந்தக் கணக்கியல் புத்தகத்திலும் அந்த அதிகப்படி குரோஸுக்கு இடமில்லை. பாட்டு எழுதியவருக்கு அதில் பங்கு உண்டா என்று யோசித்துப் பார்த்தான். உண்டு என்றுதான் தோன்றியது. யாரிடம் கொண்டு போய்க் கொடுப்பது என்பதுதான் தெரியவில்லை.

ராத்திரி அப்பா வந்ததும் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். அவர் நின்றபடியே பார்த்தார். 57,940 என்ற எண்ணில் கொஞ்ச நேரம் நின்றார். “இவ்வளவு கேட்ருக்கேனா?” என்றார். கண்ணில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. மகன் காட்ட நினைத்தது அதையல்ல. பிறகு கேட்டார்.

“அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் கேசட்ட எத்தன தடவ போட்ருக்க?”

“ஒரு தடவதான். நோட்டுல அப்படித்தான் இருக்கு.”

“காசு வாங்குனதத்தான எழுதுவேன். அது ஓடி ஓடித் தேஞ்சி, நாடா சிக்கி, நாலு தடவ திரும்பக் கொண்டு வந்தாங்க. நாலு தடவையும் சும்மா பதிஞ்சு குடுத்தேன்.” அம்மா இருந்த அடுப்படிப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். “கொண்டு வந்தது யாருன்னு அவகிட்டயே கேளு.”

அடுப்படியிலிருந்து பதில் இல்லை. பாத்திரச் சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

“அதனால அஞ்சுன்னு மாத்திருய்யா” என்றார் அப்பா. “கணக்குன்னா கணக்கு.”

அவன் மாற்றினான். நாலு பதின்மூன்று ஐம்பத்திரண்டு. 57,992 என்று வந்தது. ரூபாய் 28,996.